சாவி மஞ்சள் வீட்டில்

கோயில் கதவில் அட்டை தொங்கும்:
"சாவி மஞ்சள் வீட்டில். நாய் கடிக்காது."
இரண்டாவது வரி தம்பி மகன் எழுதியது.
நாயைக் கேட்டு எழுதவில்லை.

படகு வரும் நாளில் ஐந்தாறு பேர் வருவீர்கள்
மழைச்சட்டை சரசரக்க.
நான் கிழங்குத் தோட்டத்தில் இருப்பேன்.
கையைக் கழுவக்கூட விடமாட்டீர்கள்,
நாலு மணிப் படகைப் பிடிக்கணும் என்பீர்கள்.
சரி, வாருங்கள்.
இருநூறு வருஷமாக நிற்கிறது, ஓடிப்போகாது.
சேற்றில் விழாமல் நடந்தால் போதும்.

அண்ணாந்து பாருங்கள்.
இந்தத் தீவுகளில் எல்லோருக்கும் தெரிந்தது படகு கட்டுவது.
கோயில் கட்டு என்றதும்
ஒரு படகைக் கட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.
ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை.
அதுவா? ஆமாம், ஆணிதான்.
ஒரு வருஷம் காற்று கூரையைப் பிடுங்கியபோது அடித்தது.
அதைப் படம் எடுக்காதீர்கள்.

சாமியார் வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார்,
கடல் வழிவிட்டால்.
மற்ற நாளெல்லாம் உபதேசியார் லிசார்தோதான்
பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவார்,
பிணத்துக்குச் செபம் சொல்வார்.
சால்மன் பண்ணையில் அவருக்கு இரவு வேலை.
மன்றாட்டுக்கு நடுவே கொட்டாவி வரும்.
செத்தவர்கள் யாரும் இதுவரை குறை சொன்னதில்லை.

இதோ மாதா.
முகமும் கைகளும் மட்டும்தான் சிற்பி செய்தவை.
பாவாடைக்குள்ளே நாலு மரப்பட்டை,
கோழிக்கூடு மாதிரி.
திருநாளுக்கு முந்தின ராத்திரி உடை மாற்றுவோம்,
இரண்டு பேர் போர்வையை விரித்துப் பிடிக்க.
ஆண்கள் பார்க்கக்கூடாது.
கெர்த்ரூதிஸ் குண்டூசியைப் பல்லில் கவ்வியபடி
"கையைத் தூக்கு தாயே" என்பாள்.
முழங்கைக் கீல் இறுகியிருக்கும்.
தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டால்
தூக்குவாள்.

முடியா? நிஜமான முடிதான்.
யாருடையது என்று எல்லோரும் கேட்பார்கள்.
ஒரு பக்தையினுடையது என்று சொல்லி அனுப்புவேன்.
இன்றைக்குக் காற்று வடக்கே திரும்பிவிட்டது,
உங்கள் படகு வராது,
அதனால் சொல்கிறேன்.

அண்ணன் எலெயுதேரியோ
படகோனியாவுக்கு ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போனான்.
மூன்று வருஷம் ஒரு கடுதாசி இல்லை.
எனக்குப் பத்தொன்பது வயது,
இடுப்புக்குக் கீழே பின்னல்.
அவன் திரும்பி வரட்டும், இதை நீ வைத்துக்கொள் என்று
நேர்ந்துகொண்டேன்.
வந்தான்.
பதினொரு நாள் இருந்தான்.
பன்னிரண்டாம் நாள் பசுவை விற்று
அந்தக் காசில் டிக்கெட் எடுத்தான்.

கேட்டேன், நீங்கள் நிற்கிற அதே பலகையில் நின்று,
மழித்த தலையில் கம்பளித் தொப்பியோடு.
அவள் என்ன சொல்வாள்?
வரணும் என்றுதான் கேட்டிருந்தேன்.
இருக்கணும் என்று கேட்கவில்லை.
நேர்ச்சையில் சொல் முக்கியம்.
படகுக்குப் பலகை வாங்குவது போல
நீளம் அகலம் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்புறம் என் தலையில் வளர்ந்தது, நரைத்தது,
சீப்போடு வர ஆரம்பித்தது.
அவள் தலையில் மட்டும்
எனக்கு இன்னும் பத்தொன்பது.
வருஷம் ஒருமுறை கழட்டிக் கழுவி
அடுப்போரம் உலர்த்திச் சீவுகிறேன்.
சிக்கு விழுவது இடது பக்கம்.
அப்போதும் இடது பக்கம்தான் விழும்.

அவனா? உயிரோடு இருக்கிறான் என்கிறார்கள்,
பல்லெல்லாம் போய், எங்கேயோ எல்லைக்கு அந்தப்புறம்.
திரும்பவும் கேட்கலாம்தான்.
கொடுக்க என்னிடம் இருப்பது இந்த நரை.
அவள் முகத்துக்கு அது ஒத்துப்போகாது.

உண்டியல் கதவுக்குப் பக்கத்தில், கூரைத் தகரத்துக்கு.
கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்துங்கள்.
ராத்திரி இங்கேதான் தங்க வேண்டியிருக்கும்.
கிழங்கு இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது.
உங்களில் யாருக்குத்
தோலை மெல்லிசாகச் சீவத் தெரியும்?