பதினொரு மணிக் கை

ஏப்ரல் கடைசி. ரிமூஸ்கியில்
நதியைக் கடல் என்றுதான் சொல்வோம்.
அக்கரை தெரியாத நாட்களில் அது பொய்யும் இல்லை.
பனி வடிந்த தெருவோரம்
உப்பு மட்டும் வெள்ளைக் கோடாய் மிச்சம்.

நோட்டரி ஒடிலோன் பினோ
மஞ்சள் ஹோண்டாவில் வந்தார்.
இரண்டே இருக்கை, துணிக்கூரை,
ஒன்பதாயிரம் சுற்றில் கீச்சிடும் இன்ஜின்.
ஸ்டீயரிங்கின் உச்சி
பதினொரு மணியைக் காட்டியது.
"வலப்பக்கம் கொஞ்சம் இழுக்கும், பழகிவிட்டது" என்றார்
மனைவியின் குறட்டையைச் சொல்கிறவர் போல.
"டயரைத்தான் தின்கிறது."

லிஃப்டில் ஏற்றினேன்.
முன்சக்கரங்கள்மேல் குற்றமில்லை.
பின்னால் ஒன்று
தன்பாட்டுக்கு வேறு திசை பார்த்துக்கொண்டிருந்தது.
அதன் கீழ்க்கையின் வேரில் அந்தப் போல்ட்:
மையம் தள்ளி வைத்த வட்டத் தலை,
விளிம்பில் கீறிய கோடுகள்.
ஒரு கோடு திருப்பினால் சக்கரம் நூலளவு திரும்பும்,
அதற்கென்றே பிறந்தது.

ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். திரும்பியது.
கையை எடுத்தேன்.
பழைய இடத்துக்கே வந்து நின்றது.
முறுகியது ரப்பர் மட்டும்.
உள்ளே, குழாயும் போல்ட்டும்
துருவால் ஒட்டி ஓருடல்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது
இந்த ஊரில் இரும்பு ஒன்றுதான்.

எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்டேன்.
நெருப்புக் காட்டினேன்,
ரப்பர் கருகிய நாற்றம் மதியச் சாப்பாடு வரை வந்தது.
ஃப்ளோரன் பெரிய சுத்தியலைத் தூக்கினான்.
வைடா கீழே என்றேன்.
பிறகு ரம்பம்.
ஒரு போல்ட்டுக்கு இரண்டு வெட்டு,
ஒரு வெட்டுக்கு இரண்டு பிளேடு,
என் இடத்தோளுக்கு
இன்னும் எண்ணத் தெரியவில்லை.
வெட்டு வாயில்
நடுவே பளிச்சென்று எஃகு,
சுற்றிலும் காப்பித்தூள்.

புது போல்ட்டுக்குச் செம்புப் பசையைத் தாராளமாய்ப் பூசினேன்.
"இறுக்கிடவா?"
"தொங்கும்போது இறுக்காதே.
தரையைத் தொட்டதும் ரப்பர் முறுகும்,
முறுகியபடியே ஆயுள் முழுக்க நிற்கும்.
இறக்கு. எடை ஏறட்டும். அப்புறம்."
நோட்டரியின் எடைக்கு ஓட்டுநர் இருக்கையில்
இருபது கிலோ உப்பு மூட்டை நான்கு அடுக்கினோம்.
வேறென்ன இருக்கிறது எங்களிடம்?

திரையில் சிவப்புக் கட்டங்கள்
ஒவ்வொன்றாய்ப் பச்சையாயின.
கடைசிக் கட்டம் மட்டும்
அரைமணி நேரம் அடம்பிடித்தது.

ரசீதை வரிவரியாய்ப் படித்தார், தொழில் அப்படி.
பணம் கட்டிப் போனவர்
மறுநாள் காலை வாசலில்.
"இப்போது இடப்பக்கம் இழுக்கிறது."

பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.
கரையோரச் சாலை, காற்றில்லை,
பாறைகள்மேல் இரண்டு சீல்கள், மூன்றாவது கல்லாகவும் இருக்கலாம்.
"கையை விடுங்கள்" என்றேன்.
சாட்சியில்லாமல் கையெழுத்துக் கேட்டதுபோல் பார்த்தார்.
ஒரு விரல். இன்னொன்று.
பிறகு எல்லாம்.

கார் நேராகப் போனது.
தபால் பெட்டி, தபால் பெட்டி,
மூடிய ஐஸ்கிரீம் கடை.
அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

எதிரே மரம் ஏற்றிய லாரி.
கைகள் பாய்ந்து பிடித்தன.
பிடித்த கணமே
இடப்பக்கம் வளைந்தது வண்டி.
மஞ்சள் கோடு எங்களை நோக்கி நகர
நான் ஒற்றை விரலால் ஸ்டீயரிங்கைத் தள்ளினேன்: பன்னிரண்டு.
லாரி ஹாரனோடு கடந்தது.

நெடுநேரம் பேசவில்லை.
"மூன்று வருஷம்" என்றார் கடைசியில்,
யாரிடம் என்று தெரியவில்லை.

கேரேஜில் என்னை இறக்கிவிட்டு
வெட்டிய போல்ட் கிடைக்குமா என்று கேட்டார்.
காகிதப் பையில் போட்டுக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு
இடக்கையைக் கோட்டுப் பைக்குள் பூட்டி
வலக்கையால் மட்டும்
மிக மெதுவாக, ஒரு பரீட்சை போல
ஓட்டிப் போனார்.