கவ்வி

வார்ட்பர்க் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துக் கொட்டகையில்
கோழிகள் குடியிருந்தன அதற்குள்.
ஃபோர்டு, மூன்று டன், நாற்பத்திரண்டாம் வருடத்து உருப்படி.
தோட்டக்காரர் கோழிகளையும் சேர்த்தே விலை சொன்னார்.
கோழி வேண்டாம் என்றேன்.
ஐந்நூறு ராண்ட் குறைந்தது.

ரைஸ்தோர்ப்பில் எங்கள் கராஜ் உயரம் போதாமல்
கூரையைத் தூக்கிக் கட்டினோம்.
தனசேகரின் டொயோட்டா அன்றிலிருந்து மழையில் நிற்கிறது.
"இரும்புக்கு வாழ்க்கைப்பட்டவள்" என்று
தங்கைகளிடம் போனில் சொல்கிறான்,
சொல்லிக்கொண்டே
என் நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போடுகிறான்.

வெள்ளி வரை பத்தாம் வகுப்புக்கு இயற்பியல்.
சனிக்கிழமை சுரண்டல்.
மேலே தோட்டத்துப் பச்சை.
கீழே சர்க்கரை ஆலையின் சிவப்பு.
அதற்கும் கீழே யாரோ அவசரமாக அடித்த சாம்பல்,
தூரிகையின் இரண்டு மயிர் ஒட்டியபடி.
கடைசியில் மணல்.
மணல் நிறம் தெரிந்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

ஒரு பெயர் கிடைக்குமென்று நினைத்தேன்,
மறைக்க என்ன இருக்கிறது.
இருக்கைக்கு அடியிலோ, கதவின் உட்புறத்திலோ
ஆணியால் கீறிய நாலு தமிழெழுத்து.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடினேன்.
கிடைத்தது, பென்சிலில், ஆங்கிலத்தில்:
செவ்வாய், கரும்பு, ஆறு லோடு.

ஓட்டியவர் யாரென்று தெரியாது.
பாலைவனம் போய் வந்த வண்டியா,
டர்பன் துறைமுகத்தோடு நின்றுவிட்டதா,
அதுவும் தெரியாது.
எங்கள் ஆட்கள் ஓட்டினார்கள் என்பது தெரியும்.
நேட்டாலிலிருந்து கப்பலேறிய பிள்ளைகள், மூடலிகள், படையாச்சிகள்.
பெட்ரோல் ஏற்றலாம், தண்ணீர் ஏற்றலாம்,
குண்டு, பிணம், உருளைக்கிழங்கு.
சுடுவதற்கு மட்டும் அனுமதியில்லை.
வெள்ளைத் தோல் போர்த்திய தோளுக்குத்தான்
துப்பாக்கி.

மிதிகட்டைகள் நெருக்கம்.
சங்கத்து ஆண்கள் பூட்ஸோடு ஏறி
பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதித்து
ஹென்றி ஃபோர்டின் வம்சத்தையே திட்டுவார்கள்.
என் கால் நாலாம் நம்பர்.
எனக்கென்றே அளவெடுத்தது போல.

கிளட்ச் கட்டை தேய்ந்து வெள்ளியாகியிருந்தது.
ஸ்டியரிங்கில் இரண்டு கை பதிந்த இரண்டு வழுக்கை.
கதவுத் தூணருகே, ரைஃபிள் நிறுத்த,
மேலொன்று கீழொன்றாகக் கவ்விகள்.
உப்புத்தாளோடு குனிந்தவள்
அப்படியே நின்றேன்.
கவ்வியின் உள்வாயில்
தொழிற்சாலை பூசிய பெயிண்ட்
ஒரு கீறல் இல்லாமல்.

இது நிரூபணம் ஆகாது.
கவ்வி பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம்.
ஒரு மாணவன் இதை ஆதாரமென்று எழுதினால்
பாதி மார்க் கூடத் தரமாட்டேன்.
உப்புத்தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

ஆஷ்பர்ட்டன் மைதானத்தில் காட்சி.
பிராய் புகை. காக்கி மாட்டிய
பல் மருத்துவர்கள், கணக்காளர்கள்.
நடுவர் ஃபான் ரோயன் நல்ல மனிதர்,
எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் பேசக் கேட்டு
தொப்பியைக் கழற்றினார்.
உள்ளே எட்டிப் பார்த்தார்.
"ரைஃபிள் எங்கே? மரத்தில் செய்தது
என் மகனிடம் இருக்கிறது, எண்ணூறு ராண்ட்தான்."
"இல்லாததுதான் சரி" என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை.
'முழுமை' என்ற கட்டத்தில் மூன்று மார்க் குறைத்தார்.
நானும் மார்க் குறைத்துப் பிழைப்பவள்தான்,
கோபம் வரவில்லை.
கொஞ்சம் வந்தது.

திரும்பும்போது மழை.
துடைப்பான் ஒன்றுதான் வேலை செய்கிறது, என் பக்கம்.
ஏற்றத்தில் இரட்டைக் கிளட்ச் மிதித்து
இரண்டாம் கியருக்குக் கெஞ்சிக்கொண்டிருக்கையில்
பக்கத்தில் ஏதோ கடகடத்தது.
தனசேகர் தன் குடையைக் கவ்வியில் செருகியிருந்தான்.
நன்றாகத்தான் பொருந்தியிருந்தது.

"எடு."

குரல் எனக்கே அதிகமாகப் பட்டது.
அவன் ஏனென்று கேட்கவில்லை.
வீடு வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டான்,
கால்சட்டை நனைய நனைய.