அதற்கு முன் இல்லை

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்வரிசையில்
என் ஸ்பேர் பார்ட்ஸ் கடை.
பிரேக் லைனிங் கேட்டு வருகிறவர்களைவிட
இப்போதெல்லாம்
பழைய போட்டோவோடு வருகிறவர்கள் அதிகம்.
யாரோ சொல்லிவிட்டார்கள்,
மட்கார்டு முனையைப் பார்த்தே
ஆண்டு சொல்வான் என்று.

பாதி சொல்வேன்.
ஹில்மனை அதன் உதட்டில் பிடிப்பேன்.
மோரிஸ் மைனர் என்றால் முன்கண்ணாடி:
நடுவே கம்பி ஓடினால் ஐம்பத்தாறோடு சரி.
கல்யாணக் காரில் காகிதப்பூ மறைத்ததைச்
சக்கர மூடி காட்டிக்கொடுத்துவிடும்.

போன தீபாவளிக்குக் கவிலன் என்றொரு பையன்.
"எங்க பாட்டன் செவர்லே வெச்சிருந்தாரு."
படத்தில் பாட்டன் ஸ்டியரிங் பிடித்திருந்தார்.
கார் அட்டை.
ஸ்டூடியோக்காரன் வரைந்து வெட்டியது.
கதவுக்குக் கீழே
பாட்டனின் வெறுங்கால் தெரிந்தது.
"செவர்லேதான். முப்பத்தெட்டு" என்றேன்.
ஐஸ் கோப்பி வாங்கித் தந்தான்.
அவ்வளவு லேசாக இருந்தது பொய்.

நேற்று பூங்காவனம் வந்தாள்,
செம்பனை ஆலையில் கூட்டுகிறவள்.
பிளாஸ்டிக் பைக்குள் பை, அதற்குள் பை,
கடைசிப் பைக்குள்
சிவப்பு ஐசியும் ஒரு படமும்.

ஓடக்கரைத் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசல்.
ஒரு காரின் பின்பக்கம் மட்டும்.
டிக்கியின் மேல் ஒரு குழந்தை,
நெற்றியில் கன்னத்தில் மைப்பொட்டு,
அழப்போகிற வாய்.
"டிரெசர் காரு. மேல இருக்கிறது நானு."

லென்ஸ் தேவைப்படவில்லை.
பின்கண்ணாடி தலைகீழாய்ச் சாய்ந்திருந்தது,
மேலே வெளியே, கீழே உள்ளே.
ஃபோர்டு ஆங்கிலியா.
அந்தச் சாய்வு வேறெந்தக் காருக்கும்
இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.
"ஐம்பத்தொன்பதுக்கு முன்னால இது இல்லம்மா."

"முன்னாலன்னு யாரு கேட்டா?
அறுபத்திரண்டுக்குள்ள இங்கயே பொறந்தேன்னு
காட்டச் சொல்றான் ஜேபிஎன்னுல.
மருத்துவச்சி பதியல.
ஆயாக் கொட்டாய்ல எம்பேரு இருந்திச்சாம்,
கொட்டாயே இல்ல."

எப்படிச் சொல்வது அவளுக்கு.
எந்தக் காரும்
இதற்கு முன் இல்லை என்று சொல்லும்.
இதற்குப் பின் இல்லை என்று
எந்தக் காரும் சொல்லாது.
துருப்பிடிக்கும்வரை அது
எந்த ஆண்டிலும் நிற்கும்,
எந்தக் குழந்தையையும் சுமக்கும்.

நம்பரையாவது படிக்கலாம் என்று குனிந்தேன்.
N என்ற எழுத்து இருந்தது.
அடுத்து இருந்தது
குழந்தையின் இடது கால்,
தண்டையோடு, கொழுத்து,
அத்தனை இலக்கத்தையும் மறைத்து.

அவளும் பார்த்தாள்.
மேசைக்குக் கீழே காலை
உள்ளே இழுத்துக்கொண்டாள்.

கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலியாவுக்கு
அந்த வாரமே ஒரு நம்பர் கிடைத்திருக்கும்,
கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி,
எஞ்சினில் அடித்த எண்.

"ஒரு சூராட் எழுதிக் குடுங்க" என்றாள்.
"உங்களுக்குத்தான் காரு தெரியுமாமே."

கடை லெட்டர்ஹெட் எடுத்தேன்.
மலாயில் எழுதினேன்.
காரின் பெயர், பின்கண்ணாடி, இடம்.
ஆண்டு வந்தபோது பேனா நின்றது.
வெளியே யாரோ ஃபேன் பெல்ட் கேட்டார்கள்,
இல்லை என்றேன், இருந்தது.
அறுபத்தொன்று என்று எழுதினேன்.
அதற்கு முன்னால்
சின்னதாக ஒரு சொல், முங்கின்.
இருக்கலாம்.

படித்துக் காட்டச் சொன்னாள்.
அந்த ஒரு சொல்லை விட்டுப் படித்தேன்.

பிறகு முத்திரையை மையில் நன்றாக அழுத்தி
ஓங்கிக் குத்தினேன்.
கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்தவேண்டியது.
கொஞ்சம் மேலே போய்விட்டது.
முங்கின் இருந்த இடத்தில் இப்போது
நீலமாய் ஒரு கியர் சக்கரம்,
பற்கள் மட்டும் தெரிகின்றன.