வலப்பக்கத்துப் பெயர்கள்

பெர்கனிலிருந்து வந்த பேரேட்டில்
பக்கத்துக்கு இரண்டு பத்தி.
இடப்பக்கம்: சோள மூட்டை, எண்ணெய் டின்,
நாடாவால் அளந்த பிள்ளைகளின் கைச் சுற்றளவு.
வலப்பக்கம்: ஞானஸ்நானம் பெற்றோர்.
ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியட்டும் என்றோ என்னவோ
நடுக்கோட்டை மெல்லிசாகப் போட்டிருந்தார்கள்.

நான் மொழிபெயர்ப்பவன்.
கூலி மாதம் இரண்டு மூட்டை.
அடுத்தவர் நோக்கத்தைப் பேச வருகிறவன்
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷம் மழை எங்களைத் தாண்டிப் போயிற்று.
பெலூஹாவுக்குத் தெற்கே
சப்பாத்திக்கள்ளியில் பழம் தீர்ந்து
மடலைச் சுட்டு, முள் நீக்கித் தின்றோம்.
புளியில் சாம்பல் பிசைந்தோம்,
புளிப்பு வயிற்றை அறுக்காமலிருக்க.
அப்போது வந்தாள் குன்வோர்,
வெயிலில் காதுமடல் உரிந்த தாதி,
லாரியின் முன்சீட்டில், பேரேடு மடியில்.

“குடுமி சும்மா ஆடாது” என்றான் மாட்டுத் தரகன்.
ஒரு காளைக்கு ஆறு படி மரவள்ளி அளந்தவன்,
ஆட்டம் அறிந்தவன்.

வூலாசுவா நேராகவே கேட்டாள்,
மகனின் கை நாடாவுக்குள் இருக்கும்போதே:
“இவளுக்கு எங்களிடம் என்ன வேண்டும்? கேள்.”
கேட்டேன்.
நாடா சிவப்பில் நின்றது.
குன்வோர் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள்:
“தெரியவில்லை.”
நான் சொன்னேன்:
“தேவன் உங்கள்மேல் வைத்த அன்பை அறிவிக்கக்
கடல் தாண்டி வந்தாளாம்.”
வூலாசுவா என்னைப் பார்த்தாள்.
“அவள் வாய் அவ்வளவு நேரம் அசையவில்லையே.”

ஏழாம் மாதம் கடிதம்.
கொடுக்கிறவர்கள் கேட்கிறார்களாம்,
வலப்பக்கம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று.
அதட்டல் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட இருந்தது.
அடுத்த மாதம் லாரிதான் வரவில்லை.

ஓர் இரவு அவள் தூங்கிய பிறகு
விளக்கைக் கிட்டே இழுத்து எழுதினேன்:
மசாவலூ.
வந்தாமெனா.
ஹருமாங்கா.
முப்பத்தொரு பெயர்,
எல்லாம் எங்கள் பட்டியில்
கூப்பிட்டால் தலை திருப்பியவை.

லாரி வந்தது.

பெர்கனில் ஏதோ ஒரு கோயிலில்
கம்பளிக் கோட்டுக்காரர்கள் எழுந்து நின்று
நெற்றிச்சுட்டிக் காளை ஒன்றுக்காக
வேண்டிக்கொண்டிருப்பார்கள்.
நினைக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும் என்றுதான்
எதிர்பார்க்கிறேன்.

எங்கள் பேச்சு குன்வோருக்குள்
எப்போது நுழைந்தது, நான் கவனிக்கவில்லை.
பேரேட்டில் விரல் வைத்துக் கேட்டாள்,
என் உதவியில்லாமல், எங்கள் மொழியில்:
“செம்புள்ளிக்காரன் என்கிற இவர்
முழந்தாளிட்டாரா?”
“கடைசி இரண்டு நாள் முழுக்க” என்றேன்.
“பிறகு எழுந்திருக்கவில்லை.”

பேனாவைத் திறந்தாள்.
எல்லாவற்றையும் கோடு கிழிப்பாள் என்று நின்றேன்.
அடியில் ஒரு பெயர் சேர்த்தாள்,
முப்பத்திரண்டாவது: தாக்ரோஸ்.
“எங்கள் வீட்டுப் பசு.
அப்பா விற்ற வருஷம் எனக்கு ஒன்பது வயது.”
கையெழுத்தும் போட்டாள்.

அந்த ஞாயிறும்
மரத்தில் தொங்கும் சக்கர வளையத்தை அடித்து
ஜெபத்துக்கு அழைத்தாள், வழக்கம்போல்.
நடிப்பில்லை, நம்பித்தான் அடித்தாள்.
பதினொரு பேர் போனார்கள்.
வூலாசுவா போனது நிழலுக்கு.

மகனின் கை அரை விரல் தடித்து
நாடா மஞ்சளுக்கு வந்த நாளில்
மறுபடி அதே கேள்வி.
நான் வாய் திறக்குமுன் குன்வோரே பேசினாள்,
திக்கித் திக்கி, வெகுநேரம்.
பனி, பசு, யாருக்கோ செய்த சத்தியம்,
தூக்கம் வராத ஒரு வருஷம், இயேசு, மறுபடி பசு.
வினைச்சொற்கள் பாதி தப்பு.

கடைசிவரை கேட்டாள் வூலாசுவா.
“அன்றைக்கு ஒரு சொல்லில் சொன்னாளே,
அதை நம்பியிருப்பேன்” என்றாள் என்னிடம்.
பிறகு மூட்டையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு
மறுமுனையைக் கண்ணால் காட்டினாள்,
அவளைப் பார்த்து.