குதிரைக்குத் தெரியும்

எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலை
ஐந்நூற்றுப் பதினான்கு மீட்டர்.
அதன்மேல் மாடு மேய்கிறது.
உருகுவேயில் பிறந்தவர்களுக்கு
உயரம் என்பது கேள்விப்பட்ட விஷயம்,
கடன் கொடுத்தவன் மறந்துபோன கதையைப் போல.

துராஸ்னோ நகரில், சமையலறை மேசைமேல்
கிர்கிஸ்தானை விரித்து வைத்திருக்கிறோம்.
சுருண்டுகொள்ளாமல் இருக்க
ஒரு முனையில் மாத்தே குடுவை,
ஒன்றில் சர்க்கரை டப்பா, ஒன்றில் குறடு,
நான்காவதில் எவாரிஸ்தோவின் முழங்கை.
குளிர்பெட்டி பழுதுபார்ப்பவனின் முழங்கை அது,
ஊன்றிய இடமெல்லாம் கறுப்பு வட்டம்.
ஒரு ஏரி ஏற்கெனவே போய்விட்டது.

ஜூலையில் கல்யாணம்.
இங்கே உறைபனி விழும் மாதம்,
அங்கே கணவாய்கள் திறக்கும் மாதம்.
எல்லாரையும்போலக் கடற்கரைக்குப் போங்களேன்
என்கிறாள் எனக்கு மாமியாராகப் போகிறவள்.
ஜூலைக் கடலில் போய் நடுங்குவதற்கு
குளிர்பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்துவிடலாம்,
அவள் மகனிடம்தான் பதினேழு இருக்கிறதே.

தாலாய்பெக் என்பவர் பதில் எழுதுகிறார்.
எங்களுக்கு ஒன்பது மணி நேரம் முன்னால் வாழ்கிறவர்.
நாங்கள் ராத்திரி கேட்பதற்கு
நாளைக் காலையிலிருந்து பதில் வருகிறது.
அவருடைய மொழியை இயந்திரம் ஸ்பானிஷாக்குகிறது,
கறியை எடுத்துக்கொண்டு
எலும்பை மட்டும் எங்களுக்குத் தந்து.

கணவாய் எவ்வளவு உயரம்?
மூவாயிரத்து நானூறு.
மூச்சு முட்டுமா?
முதல் நாள் முட்டும். பிறகு மறந்துவிடுவீர்கள்.
கழிப்பறை?
உண்டு. கிழக்கே பார்த்தது. கதவு கிடையாது.
ஓநாய்?
நாயிடம் கேட்டுவிட்டுத்தான் வரும்.
குடிக்க?
புளித்த குதிரைப்பால்.
(தேனிலவாம்.)
ஆற்றுக்குப் பாலம்?
இல்லை. குதிரைக்குத் தெரியும்.
மூடுபனியில் வழி?
குதிரைக்குத் தெரியும்.

கழிப்பறைக்குச் சிரித்தவன்
ஓநாய்க்கும் சிரித்தவன்
இதற்குச் சிரிக்கவில்லை.

நான் நடப்பதற்கு முன்பே சேணத்தில் உட்கார்ந்தவள்.
அப்பா வேலைபார்த்த பண்ணையில்
குதிரைகளுக்கு அடுத்துத்தான் என்னை எண்ணுவார்கள்.
இந்த ஊரில் குதிரைக்குப் பயந்த ஆண் ஒருவன் இருந்தால்
அதை அவன் வெளியே சொல்லமாட்டான்.
ஆனால் இந்த நாட்டைத் தேர்ந்ததே இவன்தான்.
"ஆறு நாளும் குதிரைமேலேயே போகலாமாம், யூதித்"
என்று என்னை உலுக்கி எழுப்பிக் காட்டியவன்.

செவ்வாய்க்கிழமை துவைக்கப் போட்டபோது பார்த்தேன்:
அவன் கால்சட்டையின் உள்தொடையில்
வெள்ளை வெள்ளையாய் முடி.
குளிர்பெட்டிக்கு முடி முளைப்பதில்லை.
எங்கள் தெருவில் வெள்ளைக் குதிரை ஒன்றே ஒன்று,
ஒலெகாரியோவின் கிழப்பெட்டை,
இருபத்துமூன்று வயது, ஒற்றைக் கண்.

மறுநாள் விடியுமுன் வேலியோரம் போய் நின்றேன்.
பனிக்குள் குதிரை.
குதிரைமேல் என் ஆள்,
இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு.
"சூ" என்கிறான். "சூ... சூ."
கிர்கிஸ் மொழியில் குதிரையை நடக்கச் சொல்வது அப்படித்தானாம்.
ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த அந்தக் கிழவி
காதைக்கூட அசைக்கவில்லை.
நான் திரும்பிவந்து தண்ணீர் கொதிக்க வைத்தேன்.

அன்றிரவு அவன் தூங்கியபின் எழுதினேன்:
தொண்ணூற்றிரண்டு கிலோ எடை,
நிதானமான மனிதர்,
அவருக்கு நிதானமான குதிரை வேண்டும்.
நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

காலையில் பதில் இருந்தது.
சாம்பல்நிறம் ஒன்று இருக்கிறது.
எங்கள் குதிரைகளுக்குப் பெயர் இல்லை, நிறம்தான்.
போன வாரம் அவரும் எழுதினார்.
உங்களுக்கு இருப்பதிலேயே வேகமானதைக் கேட்டார்.
சொல்ல வேண்டாம் என்றார்.
மன்னிக்கவும், எனக்கு ரகசியம் தங்காது.

இப்போது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான்.
சோப்பு போட்டுக் குளித்தும் போகாத வாசனையோடு.
நான் மூக்கைச் சுளிக்கவில்லை.
எத்தனை ஜோடி காலுறை என்கிறான்.
ஏழு என்கிறேன்.
ஆற்றில் நனையுமே என்று
பத்து எழுதுகிறான்,
எழுதிவிட்டு, பென்சிலைக் காதில் செருகி,
அந்த நீலக் கோட்டையே
பார்த்துக்கொண்டிருக்கிறான்.