காற்புள்ளிக்குக் கூலி

ஆயிரம் எழுத்துக்கு இத்தனை கோப்பெக்.
எழுத்துக்கு மட்டும்.
புள்ளிக்குக் கிடையாது என்றான் மேஸ்திரி நிகோதிம்.
"அது வெறும் மூச்சு.
மூச்சு விடுவதற்கு எவனாவது காசு கொடுப்பானா?"

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கும்.
ஒலி இல்லை, வேலை இல்லை,
அரண்மனை வாசலில் தங்கப் பொத்தான் மாட்டிக்கொண்டு
சும்மா நிற்பவனைப் போல.
அதற்குக் கூலி உண்டு.

இதை முதலில் சொன்னவன் பங்க்ராத்.
ஈயம் கறுப்பாக்கிய ஈறு தெரியச் சிரித்தபடி
ஒருநாள் முழுக்கத் தான் கோத்த புள்ளிகளை எண்ணி
அடுப்பங்கரிக் கட்டியால் சுவரில் கோடிழுத்தான்.
கால், அரை, முக்கால், முற்று.
எழுநூற்று நாற்பது.
"என் வீட்டு ரொட்டி இந்தச் சுவரில் இருக்கிறது"
என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஜனவரியில்
சாமிப் படங்களை ஏந்தி மனுக் கொடுக்கப் போனவர்களுக்குத்
தலைநகரம் என்ன பதில் சொன்னதென்பதையும்
நாங்கள்தான் கோத்தோம்.
தணிக்கைக்காரர் வெட்டியது போகப் பாதிப் பத்தி வெள்ளை.
மறுநாள் சந்தையில் ஜனங்கள்
அந்த வெள்ளையைத்தான் விரல் வைத்துப் படித்தார்கள்.
வெள்ளைக்கும் கூலி கிடையாது.

செப்டம்பரில் கையை மடக்கினோம்.
நாங்கள் கேட்டது காற்புள்ளி.
ரொட்டி சுடுகிறவர்கள் வந்தார்கள்,
அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டுமாம்.
தறிக்காரப் பெண்கள் வந்தார்கள்,
மேற்பார்வையாளன் கையைத் தங்கள் இடுப்பிலிருந்து
எடுக்கச் சொல்லி.
அக்டோபரில் ரயில் நின்றது.
தண்டவாளத்தில் புல் முளைக்க நேரமில்லை,
துரு மட்டும் வந்தது.
அமைச்சர்கள் பேரரசரைப் பார்க்க நீராவிப் படகில் போனார்களாம்.
கேட்டுவிட்டு நிகோதிமே சிரித்தான்.

பிறகொரு ராத்திரி
குதிரை வண்டியில் வந்து இறங்கினார் ஓர் அதிகாரி.
கம்பளிக் கோட்டின் உள்ளே ஒரு தாள்.
"கோக்க ஆள் வேண்டும். இப்போதே."
ஜார் இறங்கிவந்திருந்தார், ஒரு தாள் அளவுக்கு.
மனச்சாட்சிக்கு, பேச்சுக்கு, கூட்டத்துக்கு, சங்கத்துக்கு
விடுதலை.
பங்க்ராத் மெழுகுவர்த்தியைக் கிட்டே இழுத்துப் படித்தான்,
மறுபடி படித்தான்.
"நடுவில் இருக்கிற புள்ளிகளுக்குக் கூலி உண்டா, ஐயா?"
அதிகாரிக்குப் புரியவில்லை.
புரிந்ததும் தன் சட்டைப்பையைத் துழாவிக்
கையில் வந்த சில்லறையை மேசையில் வைத்தார்.

எண்ணியதில் இரண்டு கோப்பெக் கூடுதல்.
பங்க்ராத் திருப்பிக் கொடுத்தான்.

டிசம்பரில் டிராம் வண்டியைக் கவிழ்த்துத் தெருவை அடைத்தோம்.
தந்திக் கம்பம், தேவாலய வேலி,
எழுத்துப் பெட்டிகள் இரண்டு.
எல்லா ரயிலும் நிற்கும் என்றார்கள்.
தலைநகரப் பாதை ஒன்று மட்டும் நிற்கவில்லை.
அதில்தான் காவல்படை வந்தது, பீரங்கியோடு.
நான் மூன்றாம் நாளே ஓடிவிட்டேன்.
இதைக் காலும் அரையுமாகச் சொல்வதில் பயனில்லை,
ஓடினேன்.
பங்க்ராத் ஓடவில்லை.

மார்ச்சில் வேலைக்குத் திரும்பினேன்.
சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள்.
புள்ளிகளுக்குக் கூலி உண்டு என்று
கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது,
முதலாளியின் முத்திரையோடு.
தணிக்கைக்காரர் பழைய நாற்காலியில், புதிய மூக்குக்கண்ணாடியில்.
முதல் வேலையாக நிகோதிம் கொடுத்தது,
யெனிசெய் ஆற்றுக்கு அப்பால் அனுப்பப்படுவோர் பட்டியல்.
பெயர், காற்புள்ளி, பெயர், காற்புள்ளி.
நல்ல வருமானம்.

கடைசிப் பெயர் பங்க்ராத் ஸூயெவ்.
அதன் பின்னாலும் காற்புள்ளி வைத்தேன்.
கை தவறியதாகத்தான் சொன்னேன்.
திருத்துகிற விகென்தி நீலப் பென்சிலால் வட்டமிட்டு,
என்னைப் பார்க்காமல் தாளை நீட்டினார்.
மாற்றுவதற்குள் நாற்பது பிரதி ஓடியிருந்தது.

சனிக்கிழமை கணக்கில்
அந்தப் புள்ளியையும் சேர்த்தே எண்ணியிருந்தார்கள்.