காலுறை மாட்டிய கார்

விடிகாலை மூன்று பத்துக்கு முதல் கொத்து.
விடிகாலை என்பது பேச்சுக்கு;
ஜூனில் இங்கே இருட்டுவதேயில்லை.
ஏரிக்கு மேல் கொஞ்சம் வெளுத்து
நேற்றைய மாலையே நின்றுகொண்டிருக்கும்.

டக். டக்.
மூச்சு வாங்க ஒரு நொடி.
டக்.

வட்டி கேட்டு வந்தவன் மாதிரி
படுக்கையறை ஜன்னலில்
ஒரு வாலாட்டிக் குருவி.
கறுத்த தொண்டை, வெளுத்த கன்னம்.
நிறுத்துப் பார்த்தால் ஒரு கடிதத்தின் எடை தேறும்.
கண்ணாடிக்குள் நிற்பவன்
தன் இடத்தைப் பிடிக்க வந்துவிட்டான் என்று
ஆறு நாளாக அதற்கு வழக்கு.

நூர்மெஸுக்கு முதல் பேருந்து
ஐந்தே முக்காலுக்கு. ஓட்டுவது நான்.
நேற்று ஒரு நிறுத்தத்தைத் தூக்கத்தில் கடந்தேன்;
பால்பண்ணைக்குப் போகும் பெண் ஓடி வந்து
பின்கதவைத் தட்டினாள். டக். டக்.

கைதட்டினேன். பிர்ச் கிளைக்குப் போய்
வாலை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தது.
கறுப்புத் திரையை இழுத்து மூடினேன்,
மூளைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு.
பின்னால் இருட்டு சேர்ந்ததும்
ஜன்னல் இன்னும் நல்ல கண்ணாடியாயிற்று,
எதிரியின் ஒவ்வொரு இறகும் தெளிந்து வந்தது.
அட்டையில் பருந்து வெட்டி ஒட்டினேன்.
பருந்தின் இறக்கைக்குக் கீழே
எச்சமிட்டுவிட்டுக் கொத்தியது.

"வெளிப்பக்கம் சோப்பைக் குழைத்துப் பூசு."

குரல் ஓர்வோவுடையது.
இரண்டு வருடம் கழித்து
வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம்.
என்னைப் பார்த்துச் சொல்லவில்லை,
குருவியைப் பார்த்துச் சொன்னான்.

எங்கள் இருவருக்கும் நடுவில்
ஒன்றேகால் மீட்டர் அகலத்தில் ஒரு புல்தரை.
நில அளவைக்காரர் இரண்டு முறை வந்து
இரண்டு இடத்தில் இரும்புக் கம்பி நட்டுப் போனார்.
அவன் காரை அங்கேதான் நிறுத்துவான்.
நான் விறகை அங்கேதான் அடுக்குவேன்.
புல்லை இருவரும் வெட்டுகிறோம்;
ஊரிலேயே ஒட்ட வெட்டிய புல் அதுதான்.

சோப்பு பூசினேன்.
வீட்டுக்குள் பாலாடை வெளிச்சம்.
ஏரி போயிற்று. அவன் வீடு
மஞ்சளாய் ஒரு தீற்றல்.
மறுநாளும் மூன்று பத்துக்கு விழித்தேன், பழக்கத்தில்.
சத்தமில்லை.
இல்லை, இருக்கிறது, தள்ளி,
மெல்லிசாக, வேறு சுருதியில்.
வெளியே போய்ப் பார்த்தேன்:
ஓர்வோவின் காரில், பக்கவாட்டுக் கண்ணாடியில்
அதே வழக்கு, மேல்முறையீட்டில்.

உள்ளாடையோடு அவன் வந்து நின்றான்.
கையில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.
ஜோடி என்று சொல்லக் கூடாது,
ஒன்று சாம்பல், ஒன்று சிவப்பு.
குழந்தைக்கு மாட்டுகிற கவனத்தோடு
இரண்டு கண்ணாடிக்கும் மாட்டினான்.
நான் சிரித்தது கேட்டிருக்க வேண்டும்.
கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜூலையில் குருவிக்கு நேரமில்லாமல் போயிற்று.
அலகு நிறையக் கொசுவும் பூச்சியுமாய்
விறகடுக்கில் ஏதோ ஒரு சந்துக்குள்
போய்ப் போய் வந்தது. உள்ளே கீச்சுக் கீச்சு.
அதனால் விறகைத் தொடவில்லை.
சோப்பையும் இன்னும் கழுவவில்லை.

நேற்று வேலை முடிந்து வரும்போது
புல்லில் கிடந்தது சிவப்புக் காலுறை.
யார் நிலத்தில் என்று பார்த்தேன்,
பழக்கதோஷம்.
இரண்டு கம்பிகளுக்கும் நடுவே.
எடுத்து, உதறி,
எந்தக் கம்பி என்று சற்று நின்று,
ஒன்றின் தலையில் மாட்டிவிட்டு வந்தேன்.

காலையில் கம்பி வெறும் கம்பி.
மழை தூறிக்கொண்டிருந்தது.
எடுத்தது காற்றா, அவனா,
கார் வரைக்கும் போய்ப் பார்க்க நேரமில்லை.
பேருந்து ஐந்தே முக்காலுக்கு.